ரோபோக்களின் பொது மொழியும் அதன் காவலர்களும்

நிறைகளையும் அளவைகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1956ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்டது. அதற்கு முன் 'சேர்' என்னும் ஒரே சொல் வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு எடையைக் குறித்து வந்தது. ஒரு சந்தையில் விலை பேசிப் பழகியவன், அடுத்த சந்தையில் தன் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மெட்ரிக் முறை அக்குழப்பத்தை நீக்கியது. இந்த வரலாற்றை நம் ஆசிரியர்கள் நன்கு அறிவர். ஆனால் இதில் அடங்கியுள்ள மற்றோர் உண்மை பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கிலோகிராம் எந்த வணிகருக்கும் சொந்தமன்று. தராசு செய்யும் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமன்று. 1875ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் 17 நாடுகள் கையெழுத்திட்ட மீட்டர் உடன்படிக்கையே அதற்குக் காவல். இந்தியா 1957இல் அதில் சேர்ந்தது. கிலோகிராமின் இலக்கணத்தை மாற்ற வேண்டிய காலம் வந்தபோது, உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் 2018ஆம் ஆண்டு நவம்பரில் வெர்ஸேயில் கூடி வாக்களித்தனர்; புதிய இலக்கணம் 2019ஆம் ஆண்டு மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

அளவைக்கு இருப்பது போன்ற காவல் யந்திரங்களின் பொது மொழிக்கும் வேண்டும். வயலில் களை எடுக்கும் ரோபோ, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மருந்துத் தட்டைக் கொண்டு செல்லும் ரோபோ, கிடங்கில் சரக்கை அடுக்கும் ரோபோ ஆகியவை இன்று உலகெங்கும் பெருகி வருகின்றன. அவற்றின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசும் மொழியை வகுப்பவர் யார்? மாற்றுபவர் யார்? மாற்றும்போது யாரைக் கேட்க வேண்டும்? இக்கேள்விகளுக்கு உலகம் கண்டுள்ள விடைகளுள் ஒன்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பொதுத் தரம் ஏன் வேண்டும்?

1904ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. அண்டை நகரங்களிலிருந்து தீயணைப்புப் படையினர் ரயிலேறி விரைந்து வந்தனர். ஆனால் அவர்கள் கொண்டுவந்த குழாய்கள் பல, பால்டிமோர் நகரின் நீர்க்குழாய் வாய்களில் பொருந்தவில்லை. ஆளும் இருந்தனர், நீரும் இருந்தது, இரண்டையும் இணைக்கும் மரையின் அளவு மட்டும் வேறாக இருந்தது. நகரின் வணிகப் பகுதியில் ஏறத்தாழ 1,500 கட்டிடங்கள் அழிந்தன.

ரோபோவின் நிலையும் இத்தகையதே. ஒரு ரோபோவில் காமிரா, தூரம் அளக்கும் லேசர் கருவி, சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார், கைகளின் மூட்டுகள், இவற்றை ஆளும் கணினி எனப் பல உறுப்புகள் உள்ளன. இவை ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி மொழி பேசினால், புதிய ரோபோ ஒன்றைச் செய்ய முயலும் மாணவன் தன் காலத்தில் பெரும்பகுதியை அவ்வுறுப்புகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்துவதிலேயே கழிக்க நேரும்.

பொதுத் தரம் என்பது மிக எளிய செய்திகளில் தொடங்குகிறது. ரோபோ உலகில் பெரிதும் கையாளப்படும் ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். நீளத்தை மீட்டரில் சொல்ல வேண்டும். கோணத்தை ரேடியனில் சொல்ல வேண்டும். ரோபோவின் உடலில் எக்ஸ் அச்சு முன்புறம் நோக்கியும், ஒய் அச்சு இடப்புறம் நோக்கியும், இஸட் அச்சு மேல் நோக்கியும் அமைய வேண்டும். இவ்வளவுதான். ஆயினும் இவ்விதி இல்லையேல், ஒருவர் எழுதிய நிரல் 'இடப்புறம் திரும்பு' எனக் கட்டளையிட, மற்றொருவர் செய்த சக்கரம் வலப்புறம் திரும்பும். அளவுகள் ஒவ்வாமையால் விளையும் கேட்டுக்கு விண்வெளி ஆராய்ச்சியிலும் சான்று உண்டு. 1999இல் செவ்வாய்க் கிரகத்தை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று, உந்து விசைக் கணக்கை ஒரு சாரார் பவுண்டு அலகிலும் மற்றொரு சாரார் நியூட்டன் அலகிலும் கொண்டதால் அழிந்துபட்டது.

ராஸ் என்னும் பொது அடித்தளம்

மேற்கூறிய அச்சு விதி 'ரோபோ இயக்க அமைப்பு' என்னும் மென்பொருள் தொகுதியைச் சார்ந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பொறியாளர்கள் அதை 'ராஸ்' என்றே வழங்குகின்றனர். பெயரில் 'இயக்க அமைப்பு' என்று இருந்தாலும், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளன்று இது; அதன் மேல் அமர்ந்து, ரோபோவின் உறுப்புகளிடையே செய்திகளைக் கொண்டு செல்வது.

இது வேலை செய்யும் முறையை ஓர் உவமையால் விளக்கலாம். கிராமச் சாவடியில் மழையளவுக்கு ஒரு பலகை, சந்தை விலைக்கு ஒரு பலகை, பேருந்து நேரத்துக்கு ஒரு பலகை எனத் தனித்தனியே தொங்குவதாகக் கொள்வோம். மழை அளப்பவர் தம் பலகையில் எழுதிவிட்டுச் செல்வார். அதை யார் யார் படிக்கிறார்கள் என்று அவர் அறிய வேண்டியதில்லை. படிப்பவரும் எழுதியவரைத் தேட வேண்டியதில்லை. ராஸ் முறையில் காமிரா தன் படங்களை ஒரு தலைப்பின்கீழ் வெளியிடுகிறது. அத்தலைப்பு வேண்டும் நிரல்கள் அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. நாளை வேறொரு காமிராவை மாட்டினாலும், அது அதே தலைப்பில் அதே வடிவில் செய்தி வெளியிடுமானால், மற்ற உறுப்புகளைத் தொட வேண்டியதில்லை.

இதன் தொடக்கம் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் நடந்த ஆராய்ச்சிகளில் உள்ளது. 2007 முதல் கலிபோர்னியாவிலுள்ள வில்லோ கராஜ் என்னும் தனியார் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பேணி வளர்த்தது. 2010இல் அந்நிறுவனம் தான் செய்த பி.ஆர்.2 என்னும் ரோபோக்களைப் பதினொரு ஆராய்ச்சி நிலையங்களுக்கு வழங்கியது. அவற்றைப் பெற்றவர்கள் தம் ஆராய்ச்சியில் விளைந்த நிரல்களைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரே வகை ரோபோவும் ஒரே பொது மொழியும் கிடைத்தமையால், ஓரிடத்தில் கண்ட தீர்வு மற்றோரிடத்தில் உடனே பயன்பட்டது. ராஸ் விரைவாகப் பரவியது.

பேணியவர் விலகினால்?

இங்கேதான் நிர்வாகம் பற்றிய கேள்வி எழுகிறது. ராஸின் மூல நிரல் எவரும் எடுத்து ஆளவும், மாற்றவும், மீண்டும் வெளியிடவும் உரிமை தரும் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டிருந்தது. அந்த உரிமை திரும்பப் பெற இயலாதது. அங்ஙனமாயின் அதைப் பேணும் கம்பெனி மறைந்தாலும் கவலை என்ன என்று சிலர் வினவலாம்.

நிரல் மறையாது என்பது உண்மையே. ஆனால் தரம் என்பது நிரல் மட்டுமன்று. எந்தத் திருத்தத்தை ஏற்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒன்று உண்டு. 'இதுவே ராஸின் இவ்வாண்டு வெளியீடு' என்று அறிவிக்கும் அதிகாரம் ஒன்று உண்டு. ராஸ் என்னும் பெயரைக் காக்கும் வணிகக் குறி உரிமை உண்டு. கிணறு ஊருக்குப் பொதுவாக இருந்தாலும், அதைத் தூர் வாருவதற்கும் சுவரைச் செப்பனிடுவதற்கும் பொறுப்பேற்பவர் இல்லையேல் நீர் கெடும். பொறுப்பேற்பவர் தம் வயலுக்கு மட்டும் வாய்க்கால் வெட்டிக்கொண்டால், பெயரளவில்தான் அது பொதுக் கிணறு.

இதையறிந்து, 2012ஆம் ஆண்டில் 'திறந்த மூல ரோபோ அறக்கட்டளை' என்னும் இலாப நோக்கமற்ற நிறுவனம் கலிபோர்னியாவில் தனியாக அமைக்கப்பட்டது. ரோபோக்களைக் கணினித் திரையிலேயே சோதித்துப் பார்க்க உதவும் 'கஸேபோ' என்னும் பாவனை மென்பொருளை அது பேணலாயிற்று. கஸேபோ தென் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தில் 2002இல் தோன்றியது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை நடத்திய ரோபோப் போட்டியின் 2013ஆம் ஆண்டுக் கட்டங்களுள் ஒன்று இந்தப் பாவனைக் களத்திலேயே நிகழ்ந்தது. 2013இல் ராஸின் பொறுப்பும் அறக்கட்டளையிடம் வந்தது. அதன் பின் சிறிது காலத்திலேயே வில்லோ கராஜ் மூடப்பட்டது. தாய் நிறுவனம் மறைந்தும் ராஸ் தொடர்ந்து வளர்ந்தமைக்கு, உரிய காலத்தில் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு ஒரு முக்கிய காரணம்.

இரண்டாவது சோதனை

இலாப நோக்கமற்ற நிறுவனத்துக்கும் பணம் வேண்டும். பொறியாளர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். ஆகவே அறக்கட்டளை, ஒப்பந்த வேலைகளை ஏற்று நடத்துவதற்காகத் தன்கீழ் ஒரு வணிகக் கம்பெனியையும் அமைத்துக்கொண்டது. நாளடைவில் பொறியாளர்களில் பெரும்பாலோர் அக்கம்பெனியிலேயே பணியாற்றினர்.

2022ஆம் ஆண்டு டிசம்பரில், கூகிளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டைச் சார்ந்த இன்ட்ரின்ஸிக் என்னும் நிறுவனம் அவ்வணிகக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. பல ஆண்டுகளாக ராஸை வளர்த்த கைகள் பல ஒரு தனியார் நிறுவனத்தின்கீழ் சென்றன. ராஸும் உடன் செல்லுமோ என்ற ஐயம் உலகெங்கும் எழுந்தது. ஆனால் விற்கப்பட்டது வணிகக் கம்பெனி மட்டுமே. ராஸ், கஸேபோ ஆகியவற்றின் வணிகக் குறிகளும், அவற்றை வழிநடத்தும் பொறுப்பும் அறக்கட்டளையிடமே நின்றன.

சட்டப்படி இரண்டும் தனித்தனி அமைப்புகளாக இருந்தமையால் இது சாத்தியமாயிற்று. ஒரே அமைப்பாக இருந்திருந்தால் பொதுச் சொத்தும் விற்பனைப் பட்டியலில் சேர்ந்திருக்கக் கூடும். பெட்டகத்தின் சாவி யாரிடம் உள்ளது என்பதைப் பெட்டகத்தைச் செய்யும்போதே தீர்மானிக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

புதிய அமைப்பின் உட்பகுதிகள்

எனினும் ஒரு குறை இருந்தது. பொறுப்பு அறக்கட்டளையிடம் இருந்தாலும், உழைப்பின் பெரும்பகுதி வெளியிலுள்ள நிறுவனங்களிலிருந்து வந்தது. உழைப்பவர்க்கும் பயன்படுத்துபவர்க்கும் முடிவெடுப்பதில் முறையான பங்கு வேண்டும். இதற்காக 2024ஆம் ஆண்டு மார்ச்சில் அறக்கட்டளை, 'திறந்த மூல ரோபோக் கூட்டணி' என்னும் உறுப்பினர் முறையைத் தொடங்கியது. அதன் அமைப்பை மூன்று படிகளாகக் காணலாம்.

முதற்படி அறக்கட்டளையின் இயக்குநர் குழு. சட்டப் பொறுப்பு, நிதி, வணிகக் குறி ஆகியவை இதனிடம் உள்ளன. இரண்டாம் படி தொழில் நுட்ப ஆட்சிக் குழு. உறுப்பு நிறுவனங்களின் பிரதிநிதிகளும், திட்டங்களின் தலைவர்களும் இதில் அமர்ந்து எல்லாத் திட்டங்களையும் மேற்பார்க்கின்றனர். மூன்றாம் படி, ஒவ்வொரு திட்டத்துக்கும் உரிய நிர்வாகக் குழு. ராஸ், கஸேபோ, பல கம்பெனிகளின் ரோபோக்களை ஒரே கட்டிடத்தில் ஒழுங்குபடுத்தும் 'ஓப்பன் ஆர்.எம்.எப்.' ஆகிய ஒவ்வொன்றையும் தனிக் குழு அன்றாடம் நடத்துகிறது. இவற்றுள் கடைசியாகச் சொன்னது சிங்கப்பூரில், சாங்கி பொது மருத்துவமனை போன்ற இடங்களின் தேவையை ஒட்டி உருவானது. பல கம்பெனிகளின் ரோபோக்கள் ஒரே மின்தூக்கியை நாடும்போது எது முதலில் ஏறுவது என்பதைத் தீர்க்க ஒரு பொது ஒழுங்கு அங்கே தேவைப்பட்டது.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஆட்சிக் குழுவில் இடம் பெறுவதற்கு இரண்டு வாயில்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று சந்தா, மற்றொன்று உழைப்பு. இன்ட்ரின்ஸிக், என்விடியா, குவால்காம் போன்ற பெரிய நிறுவனங்கள் பெருந்தொகை செலுத்தி உறுப்பினராயின. ஆனால் மூல நிரலில் திருத்தம் செய்யும் அதிகாரத்தைச் சந்தாவால் பெற இயலாது. நல்ல வேலை செய்து, உடனுழைப்போரின் நம்பிக்கையைப் பெற்றவருக்கே அது கிடைக்கும். பணம் தருபவர் இல்லாமல் பணி நடவாது. பணம் தருபவர் மட்டுமே ஆண்டால் பொதுத்தன்மை நிலையாது. இவ்விரண்டுக்கும் நடுவே நிறுத்தப்பட்ட தராசு இது.

இம்முறையின் குறைகள்

இம்முறை குறையற்றது என்று கூறுவதற்கில்லை. பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்துப் பல பொறியாளர்களை இப்பணியில் அமர்த்த முடியும். சிறு கல்லூரியோ சிற்றூர்த் தொழிற்கூடமோ அவ்வாறு செய்ய இயலாது. ஆகவே உழைப்பின் வாயிலும் ஓரளவுக்குச் செல்வரின் பக்கமே அகலமாகத் திறக்கிறது. சந்தா செலுத்துவோர் ஒருங்கே விலகினால் அறக்கட்டளையின் கை தளரும். இத்தகைய நிறுவனங்களுள் பல அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அமைந்திருப்பதால், மற்ற நாடுகளின் தேவைகள் பிந்தியே காதில் விழும்.

பொது முடிவு என்பதும் எல்லோர்க்கும் இனிதாக அமைவதில்லை. ராஸின் முதல் தலைமுறையில், செய்தி எழுதுபவரையும் படிப்பவரையும் இணைக்க ஒரு மைய நிரல் இருந்தது; அது நின்றுவிட்டால் புதிய இணைப்புகள் நிகழா. தொழிற்சாலைக்கும் களத்துக்கும் இது போதாது எனக் கண்டு, இரண்டாம் தலைமுறை புதிதாக அமைக்கப்பட்டது. அதன் முதல் வெளியீடு 2017ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. முதல் தலைமுறையின் கடைசி வெளியீட்டுக்கு அளிக்கப்பட்ட பராமரிப்பு 2025ஆம் ஆண்டு மே மாதத்துடன் முடிவுற்றது. பழைய முறையில் பாடம் எழுதிய ஆசிரியரும், ரோபோ அமைத்த ஆராய்ச்சியாளரும் தம் வேலையை மாற்றியமைக்க நேர்ந்தது. ஆனால் அந்த முடிவுத் தேதி பல ஆண்டுகள் முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. ஒரு தனிக் கம்பெனி தன் பொருளைத் திடீரென்று நிறுத்திவிடுவதற்கும், இதற்கும் உள்ள வேற்றுமை இந்த முன்னறிவிப்பில் உள்ளது.

பிற காவலர்கள்

ரோபோத் துறையின் தரங்கள் அனைத்தும் ஓரிடத்தில் வகுக்கப்படுவன அல்ல. ராஸின் இரண்டாம் தலைமுறை செய்திகளைக் கொண்டு செல்லப் பெரிதும் நம்பியிருக்கும் டி.டி.எஸ். என்னும் விதித் தொகுதி, 1989இல் அமைந்த 'ஆப்ஜெக்ட் மானேஜ்மென்ட் குரூப்' என்னும் இலாப நோக்கமற்ற அமைப்பின் பேணலில் உள்ளது. அவ்விதியைப் பின்பற்றிப் பல கம்பெனிகள் தனித்தனியே மென்பொருள் செய்துள்ளன. ஒன்று பிடிக்கவில்லையெனில் மற்றொன்றைக் கொள்ளலாம். ஒரு தரம் உண்மையில் பொதுவானதா என்பதற்கு இது நல்ல சோதனை.

மனிதரின் பாதுகாப்பு பற்றிய தரங்களோ வேறு வழியில் வருகின்றன. ஜெனீவாவில் 1947 முதல் இயங்கும் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம், தொழிற்சாலை ரோபோக்களின் பாதுகாப்புக்கென 10218 என்ற எண்ணுள்ள தரத்தை வகுத்துள்ளது. 2025இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. அங்கு இந்தியாவின் உறுப்பு இந்திய தர நிர்ணய அமைவனம். ஒரு ரோபோ ராஸைக் கொண்டு இயங்குவதனால் மட்டும் அது பாதுகாப்பானது என்று பொருளாகாது. அது பொது மொழி பேசுகிறது என்பதே பொருள். பாதுகாப்பைத் தனியே சோதித்து அறிய வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் கேட்க வேண்டியவை

இவையெல்லாம் எங்கோ நடக்கும் செய்தி என்று நாம் ஒதுக்குதல் ஆகாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ஆதரவில் பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் ஈ-யந்திரா திட்டத்தின் போட்டிகளில், நம் கல்லூரி மாணவர்கள் ராஸையும் கஸேபோவையும் கொண்டு வேளாண்மை முதலிய துறைகளுக்குரிய சிக்கல்களைத் தீர்த்துப் பழகியுள்ளனர். விலையுயர்ந்த ரோபோ இல்லாத கல்லூரியும் திரையில் ஒன்றை இயக்கிக் கற்கிறது. அந்த மாணவர் கற்ற மொழி ஒரு கம்பெனியின் விருப்பத்தால் மறைந்துவிடுமாயின், இழப்பு அவருடையதே.

ஆகவே ஒரு துறை ரோபோவை வாங்கும்போதோ, ஒரு பள்ளி பாடத் திட்டம் வகுக்கும்போதோ, விலையையும் வேகத்தையும் கேட்பதோடு பின்வரும் கேள்விகளையும் கேட்டல் நலம்:

1. இந்த யந்திரம் பேசும் செய்தி வடிவம் பொதுவில் எழுதி வைக்கப்பட்டுள்ளதா? எவரும் கட்டணமின்றிப் படிக்கலாமா?

2. அவ்விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது? விற்பவரிடமா, தனித்த அமைப்பிடமா?

3. பெயரும் வணிகக் குறியும் யாருக்குச் சொந்தம்?

4. பராமரிப்பு எந்த ஆண்டு வரை என்று எழுத்தில் உள்ளதா? (ராஸின் இரண்டாம் தலைமுறையில், இரட்டைப்படை ஆண்டுகளின் மே மாதத்தில் வரும் வெளியீட்டுக்கு ஐந்தாண்டுப் பராமரிப்பு அளிக்கப்படுகிறது. 2022இல் வந்தது 2027 வரையிலும், 2024இல் வந்தது 2029 வரையிலும் உரியவை.)

5. விற்ற கம்பெனி மூடப்பட்டால், வேறொருவர் இந்த யந்திரத்தைச் செப்பனிட இயலுமா?

இவற்றுள் கடைசிக் கேள்வியைச் சிற்றூரில் பணிபுரிபவர் மறத்தலாகாது. நகரத்தில் ஒரு யந்திரம் நின்றால் மாற்று யந்திரம் கிடைக்கும். மழை தொடங்கிய வாரத்தில், நாற்று நடும் வேளையில், வயலில் நின்றுவிட்ட யந்திரத்துக்கு மாற்று இராது.

மேலும், இந்தப் பொது வேலையில் பங்கு பெறுவதற்குப் பெருந்தொகை தேவையில்லை. விளக்கக் குறிப்பில் ஒரு பிழை கண்டால் அதைத் திருத்தி அனுப்பலாம். நிரலில் ஒரு தவறு கண்டால் அது எப்போது, எந்த நிலையில் நேர்ந்தது என்று தெளிவாக எழுதித் தெரிவிக்கலாம். புழுதியிலும் வெயிலிலும் உணர்கருவி எவ்வாறு பிழைபடுகிறது என்பதை ஆராய்ச்சிக் கூடத்தில் அமர்ந்திருப்பவரைவிடக் களப்பணியாளர் நன்கறிவார். ஓர் ஆசிரியர் தம் மாணவரைக் கொண்டு மாதம் ஒரு பிழைக் குறிப்பை அனுப்பச் செய்வாராயின், அம்மாணவர் ரோபோவியலோடு பொதுச் சொத்தைப் பேணும் பழக்கத்தையும் கற்பார். உழைப்பின் வாயில் செல்வரின் பக்கமே அகலமாகத் திறந்திருப்பது உண்மையாயினும், மற்றப் பக்கத்தில் அது மூடப்படவில்லை. அதன் வழியே நுழைபவரின் எண்ணிக்கை கூடக் கூட, விதிகளை வகுக்கும் மேசையில் நம் வயல்களின் தேவையும் வகுப்பறைகளின் தேவையும் இடம் பெறும்.